எஸ்டிஎம்32எஃப்407 டிஏசி + டிஎம்ஏ: சைன் அலை பாதி வந்து, மீதி தரையோடு கோடாகிறது. ஏன்?

தேன்மொழி_ஈசிஇ:

எல்லோருக்கும் வணக்கம். எஸ்டிஎம்32எஃப்4 டிஸ்கவரி மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் டிஏசி (எண்ணை வோல்டேஜாக்கும் பகுதி), டிஎம்ஏ (சிபியு தலையிடாமல் மெமரியிலிருந்து தரவை நகர்த்தும் பகுதி) இரண்டையும் வைத்து பிஏ4 பின்னிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை எடுக்கப் பார்க்கிறேன். அலை வருகிறது, ஆனால் பாதி நேரம்தான் வருகிறது.

செட்டிங் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், எங்கே தப்பு என்று உங்கள் கண்ணுக்குப் படலாம். சிஸ்டம் கிளாக் 168 மெகாஹெர்ட்ஸ், ஏபிபி1 டைமர்களுக்கு 84. டைமர் 6-இல் பிரீஸ்கேலர் 0, பீரியட் 839, ஆக நொடிக்கு ஒரு லட்சம் அப்டேட். அந்த அப்டேட்டைத்தான் டிஏசி சேனல் 1-க்கு ட்ரிகராகக் கொடுத்திருக்கிறேன். அவுட்புட் பஃபர் ஆன். டிஎம்ஏ1 ஸ்ட்ரீம் 5, சேனல் 7, சர்க்குலர் மோடு, ஃபிஃபோ (டிஎம்ஏ-வுக்குள் இருக்கும் இடைச் சேமிப்பு) ஆஃப், மெமரி முகவரி மட்டும் நகரும்படி. பெரிஃபெரல் பக்கம் வேர்டு (32 பிட்), மெமரி பக்கம் ஹாஃப் வேர்டு (16 பிட்). சைன் டேபிள் 16 பிட் அரே, 100 புள்ளிகள், 2048-ஐ நடுவாக வைத்து மேலும் கீழும் 2047. அலைன்மென்ட் 12 பிட் வலது பக்கம். டிஎம்ஏ-வைத் தொடங்கும் ஃபங்ஷனுக்கு நீளம் 100 என்று கொடுக்கிறேன்.

ஸ்கோப்பில் தெரிவது இதுதான்: முதல் அரை மில்லிசெகண்டுக்குள் ஒரு முழு சைன் அலை ஏறி இறங்கி முடிந்துவிடுகிறது, அடுத்த அரை மில்லிசெகண்ட் அடியோடு ஒட்டிய நேர்கோடு. பிறகு மறுபடி ஒரு அலை, மறுபடி ஒரு கோடு. அளவீட்டில் என்னவோ சரியாக 1 கிலோஹெர்ட்ஸ் என்றுதான் காட்டுகிறது!

டிஎம்ஏ இல்லாமல் நேராக மதிப்பு எழுதினால் டிஏசி ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனால் 0 எழுதினாலும் வோல்டேஜ் முழுசாக 0-க்கு இறங்குவதில்லை, கொஞ்சம் மேலேயே நிற்கிறது. இது தனிப் பிரச்சினையா அதே பிரச்சினையா தெரியவில்லை.

இன்னொன்று, சொன்னால் சிரிப்பீர்கள். கணினியிலிருந்து சீரியலில் எதையாவது டைப் செய்து அனுப்பினால் அந்த நேர்கோட்டில் சின்னச் சின்னதாக முள் மாதிரி எழும்புகிறது. சீரியலைக் கவனிக்கும் யுஆர்ட்டுக்கும் டிஏசிக்கும் என்ன சம்பந்தம்?

பெரிஃபெரல் பக்கம் வேர்டு வைத்ததற்குக் காரணம், டிஏசி ரெஜிஸ்டர்களை 32 பிட்டாகத்தான் அணுக வேண்டும் என்று ரெஃபரன்ஸ் மானுவலே சொல்கிறது. எஃப்103 சிப்புக்கு எழுதிய ஒரு பழைய புராஜெக்டிலும் இதே ஹாஃப் வேர்டு, வேர்டு ஜோடிதான் இருக்கிறது, அது அங்கே சரியாக ஓடுகிறது.

---

கோவை_பம்ப்:

பார்த்தால் டிஎம்ஏ அண்டர்ரன் (தரவு நேரத்துக்கு வந்து சேராதது) மாதிரி இருக்கிறது. டிஏசி ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் பிட் 13 ஏறியிருக்கிறதா பாருங்கள். டைமரை முதலில் ஓடவிட்டுப் பிறகு டிஏசி-யைத் தொடங்கினாலும் சிக்கல் வரலாம், வரிசையை மாற்றிப் பாருங்கள்.

மெமரி 16, பெரிஃபெரல் 32 என்று இரண்டு பக்கமும் வேறு வேறாக இருப்பதால் ஃபிஃபோவை ஆன் செய்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் நீளத்தை 100-க்குப் பதில் 50 என்று கொடுங்கள், கோடு போய்விடும்.

---

பிட்டுக்கு_மண்சுமந்தவன்:

பம்ப் அண்ணா, அண்டர்ரன் இல்லை. அண்டர்ரன் ஆனால் டிஏசி புதிதாக டிஎம்ஏ கோரிக்கை அனுப்புவதையே நிறுத்திவிடும், கடைசி மதிப்பிலேயே அவுட்புட் உறைந்து நிற்கும், ஃபிளாகை அழித்து மறுபடி தொடங்கும்வரை அசையாது. இங்கே அலையும் கோடும் மாறி மாறி ஒழுங்காக வருகிறதே. டைமரும் சரி, ட்ரிகரும் சரி, டிஎம்ஏ-வும் சொன்னதைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. அதற்குச் சொன்னதுதான் வேறு.

தேன்மொழி, உங்கள் கேள்வியிலேயே விடை முழுசாக இருக்கிறது, அந்த யுஆர்ட் முள் உட்பட.

எஃப்4-இன் டிஎம்ஏ-வில் ஃபிஃபோ ஆஃப் என்றால் அதை டைரக்ட் மோடு என்பார்கள். அந்த மோடில் மெமரி பக்கத்து அகலம் என்று நீங்கள் எதை எழுதினாலும் ஹார்ட்வேர் மதிக்காது, ஸ்ட்ரீமை எனேபிள் செய்த கணமே பெரிஃபெரல் பக்கத்து அகலத்தையே மெமரிக்கும் வைத்துக்கொள்ளும். ஆக நீங்கள் ஹாஃப் வேர்டு என்று நினைத்துக்கொண்டிருக்கும் இடத்திலும் நடப்பது வேர்டு. ஒவ்வொரு ட்ரிகருக்கும் டிஎம்ஏ 4 பைட் எடுக்கிறது, உங்கள் டேபிளில் அது இரண்டு புள்ளிகள். டிஏசி ரெஜிஸ்டர் கீழே இருக்கும் 12 பிட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும், மேல் பாதியில் வரும் புள்ளியைக் கண்டுகொள்ளாது. 0, 2, 4, 6 என்று ஒன்று விட்டு ஒன்றாக ஓடினால் 100 புள்ளி டேபிள் 50 ட்ரிகரிலேயே தீர்ந்துவிடும், அதாவது அரை மில்லிசெகண்டில். உங்கள் முழு சைன் அலை அதுதான்.

நீளம் 100 என்று கொடுத்திருக்கிறீர்கள். அந்த எண்ணிக்கை பெரிஃபெரல் அகலத்தின் கணக்கு, ஆகவே 100 வேர்டு, 400 பைட். உங்கள் டேபிளோ 200 பைட்தான். மீதி 200 பைட்டை மெமரியில் டேபிளுக்கு அடுத்து என்ன இருக்கிறதோ அதிலிருந்து படிக்கிறது. அங்கே என்ன இருக்கிறது? மேப் ஃபைலை (எது மெமரியில் எங்கே இருக்கிறது என்ற பட்டியல்) திறந்து பாருங்கள், பெரும்பாலும் உங்கள் யுஆர்ட் ரிசீவ் பஃபர்தான் இருக்கும். ஒன்றும் வராதவரை அதில் எல்லாம் 0, ஸ்கோப்பில் நேர்கோடு. நீங்கள் டைப் செய்ததை டிஏசி வோல்டேஜாக வாசித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு சோதனை. சீரியலில் ஆங்கிலச் சின்ன எழுத்து 'ஏ'-வை மட்டும் வரிசையாக நிறைய அனுப்புங்கள். அதன் ஆஸ்கி மதிப்பு 97. அடுத்தடுத்து இரண்டு வந்தால் கீழ் 12 பிட்டில் 353 என்று விழும், உங்கள் போர்டு 3 வோல்ட்டில் ஓடுவதால் அது 0.26 வோல்ட் பக்கம், கோடு லேசாகத்தான் தூக்கும். பிறகு சின்ன எழுத்து 'ஓ', மதிப்பு 111. அதில் 3951 கிடைக்கும். கோடு உச்சிக்கே போய் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது எஃப்103 கதை. அந்தக் குடும்பத்தின் டிஎம்ஏ வேறு ரகம். அங்கே மெமரி 16, பெரிஃபெரல் 32 என்றால் 16 பிட் படித்து, மேலே பூஜ்யங்களை நிரப்பி, 32 பிட்டாக எழுதும். அதனால் அந்த புராஜெக்ட் அங்கே சரி. எஃப்4-இல் டிஎம்ஏ-வை அடியோடு மாற்றிவிட்டார்கள், பெயர் மட்டும் அதே.

ஃபிஃபோவை ஆன் செய்தாலும் தீராது அண்ணா. ஃபிஃபோ இருந்தால் இரண்டு 16 பிட்டைச் சேர்த்து ஒரு 32 பிட்டாகக் கட்டி அனுப்பும், பூஜ்யம் நிரப்பாது, ஆக விளைவு அச்சு அசல் இதேதான். நீளத்தை 50 ஆக்கினால் கோடு போகும், உண்மை. ஆனால் அலை 2 கிலோஹெர்ட்ஸ் ஆகிவிடும், டேபிளில் பாதி புள்ளிகள் பயன்படவே படாது, அப்புறம் அதைச் சரிக்கட்ட டைமரை மாற்றுவீர்கள், ஆறு மாதம் கழித்து வேறு யாராவது டேபிளைத் தொட்டால் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

சரியான வழி இரண்டு. ஒன்று, டேபிளை 32 பிட் அரேயாக மாற்றி இரண்டு பக்கமும் வேர்டு. 400 பைட், இந்தச் சிப்பில் 192 கிலோபைட் ரேம் இருக்கிறது, கவலையே வேண்டாம். இன்னொன்று, இரண்டு பக்கமும் ஹாஃப் வேர்டு. மானுவல் 32 பிட் என்கிறதே என்று கேட்பீர்கள். 16 பிட் எழுத்து ஏபிபி பஸ்ஸுக்குப் போகும்போது நடுவில் இருக்கும் பிரிட்ஜ் அதையே இரண்டு தடவை அடுக்கி 32 பிட்டாக்கித்தான் ரெஜிஸ்டருக்குக் கொடுக்கிறது, மேல் பாதி இந்த ரெஜிஸ்டரில் காலி இடம், அதனால் நடைமுறையில் ஒன்றும் கெடாது. ஆனாலும் என் கை முதல் வழிக்குத்தான் போகும். மானுவலோடு மல்லுக்கட்ட வேண்டாம், படிப்பவருக்கும் குழப்பமில்லை.

கம்பைலர் ஏன் எச்சரிக்கவில்லை என்றால், டிஎம்ஏ-வைத் தொடங்கும் அந்த எச்ஏஎல் லைப்ரரி ஃபங்ஷன் 32 பிட் பாயிண்டரைத்தான் கேட்கிறது, நீங்கள் 16 பிட் அரேயை காஸ்ட் செய்து கொடுத்திருப்பீர்கள். காஸ்ட் என்பதே கம்பைலரைப் பார்த்து 'நீ சும்மா இரு' என்று சொல்வதுதானே.

இன்னொரு விஷயம், இப்போது இல்லாவிட்டாலும் ஒருநாள் மாட்டுவீர்கள். அந்த 192-இல் 64 கிலோபைட் சிசிஎம் ரேம், அதற்கு டிஎம்ஏ-வால் போகவே முடியாது. வேகமாக இருக்கட்டும் என்று டேபிளைத் தூக்கி அங்கே வைத்தால் அலையே வராது.

---

தேன்மொழி_ஈசிஇ:

அண்ணா, 'ஓ' சோதனை செய்தேன், விழுந்து விழுந்து சிரித்தேன். அனுப்ப அனுப்பக் கோடு இடது பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, கடைசியில் பாதித் திரை முழுக்க உச்சியில். மேப் ஃபைலிலும் டேபிளுக்கு அடுத்த வரி ரிசீவ் பஃபர்தான்.

டேபிளை 32 பிட் ஆக்கி இரண்டு பக்கமும் வேர்டு வைத்தேன். இப்போது முழு மில்லிசெகண்டுக்கு ஒரே அலை. மிக்க நன்றி. பம்ப் அண்ணாவுக்கும் நன்றி, டைமரைக் கடைசியில் தொடங்கும்படி மாற்றிவிட்டேன்.

இனி மிச்சம் இருப்பது: அலையின் உச்சியும் அடியும் லேசாக வெட்டினாற்போல் தட்டையாக இருக்கிறது. படிக்கட்டு மாதிரி தெரிவதை மழுப்ப பிஏ4-க்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 100 நானோஃபாரட் கெபாசிட்டர் போட்டேன், அது போட்டதிலிருந்து அலை இன்னும் கோணலாகிவிட்டது. அப்புறம் ஒரு 8 ஓம் ஸ்பீக்கர் வைத்துக் கேட்கலாம் என்று இருக்கிறேன்.

---

பழைய_சால்டர்:

அம்மா, ஸ்பீக்கரைக் கையில் எடுத்திருந்தால் முதலில் கீழே வைத்துவிடு. மீதியை மெதுவாகப் பேசலாம்.

டிஏசி பின் என்பது பவர் கொடுக்கிற பின் இல்லை. பஃபர் ஆனில் இருக்கும்போது அது தாங்கும் லோடு குறைந்தது 5 கிலோ ஓம் என்று டேட்டாஷீட்டில் போட்டிருக்கிறார்கள். 8 ஓம் அதற்குக் கிட்டத்தட்ட ஷார்ட். அதேபோலக் கெபாசிட்டர் லோடு அதிகபட்சம் 50 பிகோஃபாரட். நீ போட்டிருப்பது 100 நானோ, இரண்டாயிரம் மடங்கு. உள்ளே இருக்கும் ஆப்ஆம்ப் அதை இழுக்க முடியாமல் திணறுகிறது, அலை கோணாமல் என்ன செய்யும்? அதைக் கழற்று.

படிக்கட்டை மழுப்ப வேண்டுமென்றால் நடுவில் ஒரு ரெசிஸ்டர் வேண்டும். பின்னிலிருந்து 5.6 கே தொடராக, அதற்குப் பிறகு 4.7 நானோஃபாரட் கிரவுண்டுக்கு. கட்ஆஃப் சுமார் 6 கிலோஹெர்ட்ஸ் வரும். உன் 1 கிலோஹெர்ட்ஸ் ஒன்றரை சதவீதம் போலக் குறையும், 100 கிலோஹெர்ட்ஸ் படிக்கட்டு பதினாறில் ஒரு பங்காகிவிடும். ரெசிஸ்டர் 5 கே-வுக்கு மேலே இருப்பதால் அதிக அதிர்வெண்ணிலும் பின்னுக்கு லோடு ஏறாது.

தட்டையாவது பஃபரின் குணம். பஃபர் ஆனில் அவுட்புட்டுக்கு உத்தரவாதம் 0.2 வோல்ட்டிலிருந்து விடிடிஏ-வுக்கு (அனலாக் சப்ளை) 0.2 குறைவு வரைதான். சில சிப் அதைவிடக் கீழேயும் போகும், நம்பி டிசைன் செய்யக்கூடாது. முதலில் நீ கேட்டாயே 0 எழுதினால் 0 வருவதில்லை என்று, அதற்கும் இதுவே பதில்.

பஃபரை ஆஃப் செய்துவிடு என்று உடனே யாராவது சொல்வார்கள். செய்யலாம், கன்ட்ரோல் ரெஜிஸ்டரில் ஒரு பிட்தான், அடி மட்டம் அரை மில்லிவோல்ட் வரை இறங்கிவிடும். ஆனால் அவுட்புட் இம்பிடன்ஸ் 15 கிலோ ஓம் வரை போகும். டேட்டாஷீட்டில் அந்த வரியிலேயே இன்னொன்றும் இருக்கிறது, பஃபர் இல்லாமல் 1 சதவீதத் துல்லியம் வேண்டுமென்றால் லோடு 1.5 மெகா ஓமுக்குக் குறையக்கூடாது. உன் ஸ்கோப் புரோபை 1எக்ஸ்-இல் வைத்தால் அதுவே 1 மெகா ஓம், அளக்கப் போன கருவியே வோல்டேஜை இழுத்துவிடும்! பஃபரை ஆஃப் செய்பவர்கள் வெளியே ஒரு ரெயில் டு ரெயில் ஆப்ஆம்ப் வைக்க வேண்டும், எம்சிபி6002 மாதிரி ஒன்று போதும்.

உன் தேவை சத்தம் கேட்பது, ஆகவே இதெல்லாம் வேண்டாம். 3 வோல்ட்டில் 0.2 வோல்ட் என்பது டேபிள் எண்ணில் 273. அந்தப் பக்கம் 3822. டேபிளை 2048-ஐ நடுவாக வைத்து 1700 மட்டும் ஆடவிடு, 348-லிருந்து 3748 வரை, 0.25-லிருந்து 2.75 வோல்ட் வரை, தட்டையே இருக்காது. ஆடியோவுக்கு நடுவில் ஒரு கெபாசிட்டர் போட்டு டிசி-யைத் தடுக்கத்தான் போகிறாய், அப்புறம் 0 தொட்டால் என்ன, தொடாவிட்டால் என்ன.

ஸ்பீக்கருக்கு ஒரு எல்எம்386 ஆம்ப்ளிஃபையர் வை. அதன் கெய்ன் குறைந்தது 20, உன் இரண்டரை வோல்ட்டை அப்படியே ஊட்டினால் சதுர அலைதான் வரும், முன்னால் ஒரு பொட்டென்ஷியோமீட்டர் போட்டுக் குறைத்துக்கொடு. 10 கே போட்டால் அந்த 5.6 கே-வோடு சேர்ந்து சிக்னல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும், ஃபில்டரின் கட்ஆஃபும் நகரும், ஆனால் எப்படியும் குறைக்கத்தானே போகிறோம், போகட்டும்.

டிஸ்கவரி போர்டு என்பதால் கடைசியாக ஒன்று. பிஏ4 வெறும் பின் இல்லை. அது போர்டில் இருக்கும் சிஎஸ்43எல்22 ஆடியோ சிப்புக்கும் போகிறது. பிடி4-ஐ அவுட்புட் ஆக்கி லோ-வில் பிடித்து வை, அந்தச் சிப் ரீசெட்டிலேயே தூங்கட்டும். இரண்டாவது சேனல் பிஏ5 இருக்கிறதே என்று போனால் அது ஆக்சிலரோமீட்டரின் எஸ்பிஐ கிளாக் கோடு. போர்டின் ஸ்கெமாட்டிக்கை ஒரு தடவை திறந்து பார்க்காமல் டிஸ்கவரி போர்டில் எந்தப் பின்னையும் தொடக்கூடாது என்பது என் கட்சி. நியூக்ளியோ எஃப்446-இல் பிஏ5-இல் எல்இடி தொங்குகிறது, அது வேறு தொல்லை.

---

நள்ளிரவு_டீ:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் எஃப்411 பிளாக் பில் போர்டு இருக்கிறது, கியூப்எம்எக்ஸ் செட்டிங் மென்பொருளில் டிஏசி என்ற பெயரே வரவில்லை. வேறு பதிப்பு போட வேண்டுமா?

---

கோவை_பம்ப்:

எந்தப் பதிப்பு போட்டாலும் வராது தம்பி. எஃப்411, எஃப்401 இரண்டிலும் டிஏசி கிடையாது. புளூ பில்லில் இருக்கும் எஃப்103சி8-இலும் கிடையாது, அதே எஃப்103-இல் பெரிய சைஸ் ஆர்சி, இசட்இ மாதிரியானவற்றில்தான் உண்டு. மெதுவாக மாறும் வோல்டேஜ் போதுமென்றால் பிடபிள்யூஎம் போட்டு ஆர்சி ஃபில்டர் வை. ஓரளவு துல்லியம் வேண்டுமென்றால் எம்சிபி4725 மாட்யூல், 12 பிட், ஐ2சி. ஆனால் 400 கிலோஹெர்ட்ஸ் ஐ2சி-யில் ஒரு புள்ளிக்குக் குறைந்தது 18 கிளாக் போய்விடும், நொடிக்கு 22 ஆயிரம் புள்ளிக்கு மேல் கனவிலும் வராது. தேன்மொழி ஓட்டுகிற ஒரு லட்சமெல்லாம் அதில் நடக்காது.

---

தேன்மொழி_ஈசிஇ:

சால்டர் சார், ஸ்பீக்கர் பெட்டிக்குள் போய்விட்டது. 1700 வைத்தேன், உச்சியும் அடியும் உருண்டையாக வருகின்றன. ஆர்சி-யும் போட்டாயிற்று. எல்எம்386 நாளைக்குத்தான் வாங்க வேண்டும்.

பிட்டு அண்ணாவிடம் ஒரு கேள்வி: ஆக்சிலரோமீட்டர் எனக்குத் தேவையில்லை. பிஏ5-இல் 90 டிகிரி தள்ளி ஒரு கொசைன் அலை வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் மாற வேண்டும். இன்னொரு டிஎம்ஏ ஸ்ட்ரீம் போட வேண்டுமா?

---

பிட்டுக்கு_மண்சுமந்தவன்:

ஸ்ட்ரீம் 6 போட்டும் செய்யலாம், ஆனால் வேண்டாம். இத்தனை நேரம் நாம் வீண் என்று சொன்ன அந்த மேல் பாதிக்கு இங்கேதான் வேலை. இரண்டு சேனலுக்கும் பொதுவாக ஒரு 32 பிட் ரெஜிஸ்டர் இருக்கிறது, 12 பிட் வலது அலைன்மென்ட் டூயல் என்று மானுவலில் தேடுங்கள். பிட் 0 முதல் 11 வரை சேனல் 1, பிட் 16 முதல் 27 வரை சேனல் 2. டேபிளின் ஒவ்வொரு வேர்டிலும் கீழே சைன், மேலே கொசைன் என்று கட்டிவிட்டு, டிஎம்ஏ-வின் முகவரியை அந்த ரெஜிஸ்டருக்குத் திருப்பிவிடுங்கள். இரண்டு சேனலுக்கும் ட்ரிகர் டைமர் 6 ஆகவே இருக்கட்டும், டிஎம்ஏ எனேபிள் பிட் சேனல் 1-க்கு மட்டும் போதும். ஒரே ட்ரிகரில் இரண்டும் மாறும், நடுவில் ஒரு கிளாக் கூட விலகாது.

நீங்கள் இப்போது கூப்பிடும் ஃபங்ஷன் ஒற்றைச் சேனல் ரெஜிஸ்டர்களின் முகவரியைத்தான் டிஎம்ஏ-வுக்குக் கொடுக்கும், ஆகவே அந்த ஒரு இடத்தில் மட்டும் டிஎம்ஏ-வை நேராகத் தொடங்கி, டிஏசி பிட்களை நீங்களே எழுத வேண்டியிருக்கும். நாலைந்து வரிதான், முடியாவிட்டால் இங்கேயே போடுங்கள், பார்க்கலாம்.

---

பழைய_சால்டர்:

ஸ்கோப்பை எக்ஸ்-ஒய் மோடில் போட்டுப் பார், வட்டம் வரும். முட்டையாக வந்தால் டேபிளைத் தடவாதே, முதலில் இரண்டு பக்கத்து ஆர்சி மதிப்பும் ஒன்றாக இருக்கிறதா என்று பார். கடையில் கிடைக்கும் செராமிக் கெபாசிட்டர் சொன்ன மதிப்பிலிருந்து 10, 20 சதவீதம் தாராளமாக விலகும்.